காற்றைப் பிடித்த வீடும் குடிவர மறுத்த ஊரும்

எரிசக்திச் சிக்கனமான இல்லங்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் கற்றறிந்தோர் அவைகளில் ஒரு பெயர் தவறாமல் உச்சரிக்கப்படுகிறது. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ (1900–1989) என்பதே அப்பெயர். மண்ணால் வீடு கட்டினார், மின்விசிறியின்றி அறையைக் குளிர்வித்தார், இஸ்லாமியக் கட்டடக் கலையை உலகறியச் செய்தார் என்று மூன்று வாக்கியங்களில் அவரைப் புகழ்ந்துவிட்டுப் பேச்சாளர் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். கேட்டவர்களும் பெருமிதத்தோடு தம் கான்கிரீட் வீடுகளுக்குத் திரும்பிக் குளிரூட்டியை இயக்கிக்கொள்கின்றனர். இந்தப் புகழ்ச்சியால் ஃபத்ஹீக்கும் பயனில்லை, நமக்கும் பயனில்லை.

அவர் எழுதியவற்றுள் இரு நூல்கள் முதன்மையானவை. 1969இல் கெய்ரோவில் 'குர்னா: இரு கிராமங்களின் கதை' என வெளிவந்து, 1973இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாக 'ஏழைகளுக்கான கட்டடக் கலை' என்னும் பெயர் பெற்றது முதல் நூல். 1986இல் வந்த 'இயற்கை ஆற்றலும் மரபுக் கட்டடக் கலையும்' இரண்டாவது. முன்னது ஒரு தோல்வியின் வரலாறு. பின்னது ஓர் அறிவியல் கையேடு. நம்மவர் பின்னதை மேற்கோள் காட்டுவர், முன்னதைத் தொடுவதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றி ஃபத்ஹீ எங்கே வென்றார், எங்கே வழுக்கினார் என்பது விளங்காது என்பது நமது கருத்து.

முதலில் கையேட்டைப் பார்ப்போம். அதன் முழுத் தலைப்பிலேயே 'வெப்பமும் வறட்சியும் உள்ள பகுதிகளைக் கருத்திற்கொண்டு' என்னும் வரையறை உண்டு. இதைப் பின்னர் எடுத்துக்கொள்வோம். நூலின் மையக் கருத்து எளியது. வீட்டுக்கு ஆற்றல் எங்கிருந்து வரும் என்று கேட்பதற்கு முன், வீட்டுக்கு எவ்வளவு ஆற்றல் தேவைப்படாமற் செய்யலாம் என்று கேட்க வேண்டும். சுவரின் தடிமன், கூரையின் வளைவு, சாளரத்தின் திசை, முற்றத்தின் அகலம் ஆகியவையே வீட்டின் முதல் இயந்திரங்கள்.

இக்கருத்துக்கு அவர் காட்டும் சான்றுகளுள் மிக வலிமையானது, கெய்ரோவின் கட்டட ஆய்வு மையத்தில் 1964 மார்ச்சில் நடந்த ஒப்பீடு. இரு மாதிரி அறைகள் கட்டப்பட்டன. ஒன்று 50 சென்டிமீட்டர் தடிமனுள்ள மண்செங்கல் சுவரும் கூரையும் கொண்டது. மற்றது 10 சென்டிமீட்டர் கான்கிரீட் பலகைகளால் ஆனது. மண்ணறையின் உள்வெப்பம் இரவும் பகலுமாக 24 மணி நேரத்தில் 2 பாகைக்கு மேல் மாறவில்லை. 21க்கும் 23 பாகை செல்சியஸுக்கும் இடையிலேயே நின்றது. கான்கிரீட் அறையோ 36 பாகையைத் தொட்டது. அது மண்ணறையைவிட 13 பாகை மிகுதி. வெளிக்காற்றைவிடவும் 9 பாகை மிகுதி. வெயிலுக்கு ஒதுங்கக் கட்டிய அறை வெயிலைவிடக் கொடியதாயிற்று. மார்ச் மாதத்திலேயே இது என்றால் ஜூனில் என்னவென்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

மண் வெப்பத்தை மெல்லக் கடத்துகிறது. பகல் முழுதும் சுவரின் வெளிமுகம் ஏற்கும் சூடு உள்முகத்தை எட்டுவதற்குள் இரவு வந்துவிடுகிறது. இரவின் குளிர் அதைத் திரும்ப ஈர்த்துக்கொள்கிறது. மெல்லிய கான்கிரீட்டுக்கு இந்தத் தாமதம் இல்லை. கான்கிரீட் என்பதைவிட அதன் மெலிவே இங்குப் பெரிய குற்றவாளி என்று ஃபத்ஹீயின் எதிர்ப்பாளர் சொல்லக்கூடும். ஐந்து மடங்கு தடிமன் வேறுபாடுள்ள இரு பொருள்களை ஒப்பிட்டது முற்றிலும் நேர்மையான சோதனையன்று என்பதை நாமும் ஏற்கிறோம். ஆயினும் இரண்டும் மக்கள் உண்மையில் கட்டிய தடிமன்களே. வீட்டில் வாழ்கிறவருக்கு அந்த ஒப்பீடு போதும்.

அடுத்து மல்கஃப். கூரைக்கு மேலே உயர்ந்து, காற்று வரும் திசையை நோக்கி வாய் திறந்திருக்கும் காற்றுப்பிடிப்பான் அது. கெய்ரோவில் அதன் முகம் வடக்கே பார்க்கும். உயரத்தில் வீசும் காற்று தெருமட்டத்துக் காற்றைவிடக் குளிர்ந்தது, விரைந்தது, புழுதி குறைந்தது. அது குழாய்வழி இறங்கிக் 'காஆ' எனப்படும் பெருங்கூடத்தை அடைகிறது. கூடத்தின் நடுப்பகுதியான துர்காஆவின் கூரை மிக உயரமானது. அதன் உச்சியில் பலகணிகளுடைய ஷுக்ஷேகா. சூடேறிய காற்று எழுந்து அவ்வழியே வெளியேற, அந்த வெற்றிடத்தை நிரப்ப மல்கஃபின் வழியே புதுக்காற்று இறங்குகிறது. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த முஹிப்புத்தீன் அஷ்ஷாஃபிஈயின் காஆவில் இந்த ஓட்டத்தை 1973இல் இலண்டன் கட்டடக் கலைக் கல்விக்கூடத்தார் கருவிகொண்டு அளந்தனர். அந்த வரைபடத்தை நூல் தருகிறது. அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த வீடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

அரபுமொழி பயிற்றுவிக்கும் நமக்கு இங்கே சற்று நின்று செல்லும் ஆசை. மல்கஃப் என்பதன் வேர் 'லகிஃப'. விரைந்து கவ்வுதல், விழுங்குதல் என்பது பொருள். மூஸா நபியின் கைத்தடி சூனியக்காரர்களின் பொய்த்தோற்றங்களைக் கவ்வி விழுங்கியதைக் குறிக்கக் குர்ஆன் ஆளும் வேர்ச்சொல் இதுவே. வீட்டின் தலைமீது நின்று காற்றைக் கவ்வும் வாய்க்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? மஷ்ரபிய்யா என்னும் மரச்சல்லடைச் சாளரம் 'ஷரிப' (குடித்தான்) என்பதிலிருந்து வந்தது. குடிநீர்க் குடங்களைக் காற்றில் குளிர வைக்கும் மாடம் அது. பளிங்குப் பலகையில் அலைவரிகள் செதுக்கி, அதன்மேல் நீரைக் கசியவிட்டுக் காற்றை ஈரமாக்கும் அமைப்புக்கோ சுவர்க்கத்து ஊற்றொன்றின் பெயரே சூட்டப்பட்டது: ஸல்ஸபீல். வீட்டைக் குறிக்கும் 'பைத்' என்னும் சொல்லே கவிதையின் ஈரடிக்கும் பெயர். அதில் ஓர் அடிக்கு 'மிஸ்ராஃ', அதாவது கதவின் ஒரு பக்கம் என்று பெயர். பாடலைக் கட்டியவர்களும் வீட்டைக் கட்டியவர்களும் ஒரே சொற்களைப் புழங்கிய சமூகம் அது. நம் மாணவர்கள் இச்சொற்களை அகராதியில் மட்டுமே கண்டு செல்கின்றனர் என்பது வருத்தத்திற்குரியது.

மஷ்ரபிய்யாவைப் பற்றிய ஃபத்ஹீயின் பகுதி நூலின் மணிமுடி. ஒளியை அடக்குதல், காற்றோட்டத்தைச் சீர்செய்தல், காற்றைக் குளிர்வித்தல், அதில் ஈரம் ஏற்றுதல், வீட்டாரின் மறைவைக் காத்தல் என ஐந்து வேலைகளை ஒரே மரச்சட்டம் செய்கிறது என்கிறார். கண்மட்டத்தில் துளைகள் நெருங்கிச் சிறுத்திருக்கும். மேலே செல்லச் செல்ல அகலும். கண் கூசாத ஒளி கீழே, காற்று தாராளமாக மேலே. நம்மவர் ஐந்தாவது பயனை மட்டுமே பிடித்துக்கொண்டு மஷ்ரபிய்யாவை வெறும் திரையாகப் பேசுகின்றனர். இன்று கண்ணாடிச் சாளரத்தின் மேல் அலங்காரத்துக்காக ஒட்டப்படும் சல்லடைப் பலகைகளுக்கு இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை. காற்றே புகாத கண்ணாடிக்கு முன்னால் காற்றுக்கான சல்லடை!

'இஸ்லாமிய' என்னும் அடைமொழியையும் இங்கே தயக்கத்தோடுதான் கையாள வேண்டும். பார்வோன்கள் காலத்துக் கல்லறை ஓவியமொன்றில் வரையப்பட்ட வீட்டின் கூரையிலேயே மல்கஃப் இருப்பதை ஃபத்ஹீ காட்டுகிறார். அவர் கட்டிய வளைகூரையோ நூபியர்களுடையது. 1941இல் கெய்ரோவுக்கு அருகே பஹ்தீமில் அவர் கட்டிய மண்வீடுகளுக்குப் போர்க்காலத்தில் கூரைமரம் கிடைக்கவில்லை. மரச்சாரமின்றி வளைகூரை எழுப்பும் முயற்சிகள் இடிந்து விழுந்தன. அஸ்வான் அணைப் பணியில் இருந்த சகோதரர் சொல்லக் கேட்டே அவர் நூபியக் கொத்தர்களைத் தேடிச் சென்றார். செங்கல் வரிகளைப் பின்சுவரில் சாய்த்துச் சாய்த்து, கீழே தாங்குமரம் ஏதுமின்றி, கண்ணளவையால் மட்டும் அவர்கள் கூரையை வளைத்ததைக் கண்டார். அதே முறையில் கட்டிய மண்செங்கல் களஞ்சியங்கள் குர்னாவுக்கு அருகிலேயே, ரமஸ்ஸியம் ஆலயத்தின் பின்புறம், மூவாயிரம் ஆண்டுகளைக் கடந்தும் நிற்கின்றன. முஸ்லிம் நகரங்கள் இந்தப் பழைய அறிவைப் பெற்றுக்கொண்டன, செம்மைப்படுத்தின, பெயரிட்டன. பெற்றுக்கொண்டதைப் பெற்றுக்கொண்டோம் என்று சொல்வதில் நமக்கு இழுக்கில்லை.

இனி முதல் நூல். லக்ஸருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், பண்டைய பிரபுக்களின் கல்லறைகள் மீதே குர்னா மக்கள் வீடு கட்டி வாழ்ந்தனர். கல்லறைப் பொருள்களை எடுத்து விற்பது அவர்களில் பலருக்கு வாழ்வாதாரம். ஒரு பாறைச் சிற்பமே பெயர்த்தெடுக்கப்பட்ட பின், தொல்பொருள் துறை முழு ஊரையும் சமவெளிக்கு இடம்பெயர்க்க முடிவு செய்து, ஏறத்தாழ 7,000 பேருக்கான புதுக்கிராமத்தைக் கட்டும் பொறுப்பை ஃபத்ஹீயிடம் ஒப்படைத்தது. 1945இல் வரைவுகள் தொடங்கின. பள்ளிவாசல், சந்தை, அரங்கு, பள்ளிக்கூடங்கள், முற்றங்களைச் சுற்றி வீடுகள் என ஒவ்வொன்றும் தனித்தனியே சிந்தித்து வரையப்பட்டவை. ஒரே அச்சில் வார்த்த வரிசை வீடுகள் அல்ல. சிறுவர்கள் கால்வாயில் நீந்தி நத்தைவழிப் புழுநோய்க்கு ஆளாகாதிருக்கத் தனியே ஓர் ஏரி வேண்டும் என்பதுவரை அவர் எண்ணினார். அந்தப் பக்கங்களைப் படிக்கையில் இம்மனிதர்மீது அன்பு பெருகுவதைத் தவிர்க்க இயலவில்லை.

ஆனால் 1948 வாக்கில் பணி நின்றது. திட்டமிட்டதில் ஒரு சிறு பகுதியே எழுந்திருந்தது. குர்னா மக்கள் குடிவரவில்லை. இரவோடிரவாகக் கரையை வெட்டிப் புதுக்கிராமத்துக்குள் வெள்ளத்தைத் திறந்துவிட்டவர்களும் அவர்களில் இருந்தனர் என ஃபத்ஹீயே எழுதுகிறார். அலுவலகத் தாமதங்களையும் கோப்புகளையும் வஞ்சகத்தையும் அவர் நீண்ட பக்கங்களில் சாடுகிறார். அச்சாடலில் உண்மை உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய உண்மையொன்று அவர் கண்முன்னேயே இருந்தும் அவருடைய எழுத்தில் அரைகுறையாகவே இடம்பெறுகிறது. அம்மக்கள் வீட்டை வேண்டாமென்றதற்குக் காரணம் வீடு சூடாக இருந்தது என்பதன்று. அவர்களை யாரும் கேட்கவில்லை என்பதுதான். வாழ்வாதாரத்தின் மேலிருந்த வீட்டைவிட்டு, வாழ்வாதாரமே இல்லாத இடத்தில் இருந்த வீட்டுக்கு வரச் சொன்னார்கள். கூரைக்குமேல் எழுந்த குவிமாடமும் அவர்கள் கண்ணுக்கு வேறொன்றாகத் தெரிந்தது. அவ்வட்டாரத்தில் குப்பா என்றால் நல்லடியார்களின் அடக்கத்தலம். அதன் கீழ் உறங்குவது உயிரோடிருப்பவர் அல்லர். பொருளின் இயற்பியலை அவ்வளவு நுட்பமாக அறிந்தவர், ஒரு வடிவம் அவ்வூர் மக்களின் மனத்தில் என்ன பொருள் தருகிறது என்பதைக் கணக்கில் எடுக்கத் தவறினார்.

தண்ணீரைப் பற்றிய அவருடைய எண்ணங்களும் நம்மைத் தடுமாறச் செய்கின்றன. கிணற்றுக்கு நீரெடுக்கச் செல்வது கிராமப் பெண்கள் வெளியே வரும் வாய்ப்பு, மணப்பெண் பார்வைக்குப் படும் வாய்ப்பு, வீட்டுக்குள் குழாய் வந்தால் அது போய்விடும் என்று அவர் எடைபோடுகிறார். பானையின் அழகும் நடையின் ஒயிலும் அவருக்குத் தெரிகின்றன. நிரம்பிய பானையின் எடை தலையில் சுமந்தவளுக்குத்தானே தெரியும்? மரபை நேசிப்பவர்கள் அடிக்கடி இடறும் இடம் இது. மரபின் சுமையை யார் தூக்கினார் என்று கேட்காமலே மரபைப் போற்றிவிடுகிறோம். நமது மத்ரஸாக்களிலும் இதற்கு எடுத்துக்காட்டுகள் இல்லாமலில்லை.

இந்நூலை எகிப்தியரான ஃபத்ஹீ ஆங்கிலத்தில் எழுதினார் என்பதும் கவனிக்கத்தக்கது. ஏழைகளுக்கான கட்டடக் கலை, அந்த ஏழைகளின் மொழியில் முதலில் எழுதப்படவில்லை. உலகம் அவரைக் கொண்டாடியது. 1980இல் ஆகா கான் கட்டடக் கலை விருதின் தலைவர் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில், அபிகியூ என்னுமிடத்தில், நூபியக் கொத்தர்களை வரவழைத்து மண்ணால் ஒரு பள்ளிவாசலை அவர் எழுப்பினார். குர்னாவிலோ, மெல்ல மெல்லக் குடியேறியவர்கள் குடும்பம் பெருகப் பெருக மண்கூரையை அகற்றிக் கான்கிரீட் மாடி எழுப்பினர். குவிமாடத்தின்மேல் இன்னொரு தளம் கட்ட முடியாது என்ற ஒரு காரணமே அதற்குப் போதுமானதாயிருந்தது. அஸ்வான் உயரணைக்குப் (1970) பின் நிலத்தடி நீர் உயர்ந்து உப்பு சுவர்களில் ஏறியது. ஆற்றின் வண்டல் வருவது நின்றதால் வயல்மண்ணைச் செங்கலுக்கு வெட்டுவதை அரசு தடுத்தது. காலடியில் இலவசமாகக் கிடக்கும் பொருள் என்று ஃபத்ஹீ கண்ட மண் அரிய பொருளாயிற்று. 2010இல் புதிய குர்னா உலக நினைவுச்சின்ன நிதியத்தின் ஆபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பழைய குர்னாவின் கதை இன்னும் கசப்பானது. 2006 இறுதியில் தொடங்கிச் சில ஆண்டுகளில் அவ்வீடுகள் இயந்திரங்களால் இடிக்கப்பட்டு மக்கள் வேறிடத்துக்கு அகற்றப்பட்டனர். ஃபத்ஹீயால் அழகாகச் செய்ய முடியாததை அரசு அழகின்றிச் செய்து முடித்தது.

1986ஆம் ஆண்டுக் கையேட்டில் இவை எவற்றின் நிழலும் இல்லை. இதுவே அந்நூலின்மீது நமது முதல் குறை. வெப்பம், காற்று, ஈரம் பற்றிய சமன்பாடுகள் உள்ளன, குடியிருப்பவர் இல்லை. ஒரு வீட்டின் ஆற்றல் தேவை சுவரால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. எத்தனை பேர் எந்த அறையில் எந்நேரம் உறங்குகின்றனர், சமையல் எங்கே, மகனுக்குத் திருமணமானால் அடுத்த அறை எங்கே எழும் என்பனவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. குர்னாவில் கற்றதை ஆசிரியர் கையேட்டில் சேர்த்திருந்தால் அது இருமடங்கு பயன்பட்டிருக்கும்.

இரண்டாவது குறை அவருடையதன்று, படிக்கும் நம்முடையது. தலைப்பிலுள்ள வரையறையை நாம் மறந்துவிடுகிறோம். தடித்த சுவரின் வித்தை, பகலுக்கும் இரவுக்கும் பெரும் வெப்ப வேறுபாடுள்ள பாலைப் பகுதியில் பலிக்கும். ஸல்ஸபீலின் வித்தை, ஈரத்தை உறிஞ்சக் காத்திருக்கும் உலர்காற்றில் பலிக்கும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்தது. அங்கே நீரூற்று வைத்தால் புழுக்கம்தான் மிகும். கடலோரத்தில் வீட்டைக் காப்பது நிழலும் குறுக்கே ஓடும் காற்றுமே. எதிரெதிர்ச் சாளரங்கள், திறந்த முற்றம், ஆழ்ந்த தாழ்வாரம், வெயில் படாத சுவர், சூடேறாத கூரை ஆகியவையே அங்கே பொருந்தும். மரச்சட்டங்களின்மேல் செங்கலை அடுக்கிச் சுண்ணாம்பிட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையும் முற்றமும் கொண்ட நம் பழைய வீடுகள் இதை அறிந்திருந்தன. மல்கஃபின் வடிவத்தை நகலெடுப்பதைவிட, கடற்காற்று எத்திசையில் எப்போது வருகிறது என்று பார்த்து ஒரு சாளரத்தை இடம்மாற்றுவதே ஃபத்ஹீயைப் பின்பற்றுவதாகும்.

மூன்றாவது செய்தி அவர் காலத்தில் எழாதது. சூரிய ஒளியை மின்சாரமாக்கும் தகடுகள் 1986இல் எளியோர் எட்டாத விலையில் இருந்தன. இன்று தெருவுக்குத் தெரு ஏறிவிட்டன. 2024 பிப்ரவரியில் இந்திய அரசு ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்துத் தொடங்கிய கூரைச்சூரியத் திட்டம், 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய்வரை மானியம் அளிக்கிறது. எனவே தடித்த சுவர் எதற்கு, முற்றம் எதற்கு, தகட்டை மாட்டிக் குளிரூட்டியை ஓட்டினால் போகிறது என்று நம்மிடம் வாதிட்டவர் உண்டு. ஃபத்ஹீயை மறுக்க வந்த வாதங்களுள் இதுவே வலிமையானது. ஆகவே இதைக் கணக்கிட்டே பார்க்க வேண்டும்.

3 கிலோவாட் தகடு நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 12 யூனிட் தரும். ஒன்றரை டன் குளிரூட்டி முழுவேகத்தில் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் உண்ணும். இரு படுக்கையறைகளில் எட்டு மணி நேரம் ஓடினால் 24 யூனிட். இடையிடையே நின்று ஓடுவதைக் கருதிப் பாதியாகக் குறைத்தாலும், அன்றைய சூரியன் முழுவதும் உறக்கத்துக்கே செலவாயிற்று. விளக்கு, மின்விசிறி, நீரேற்றி, குளிர்பெட்டி எல்லாம் கடனில் ஓட வேண்டும். அதைவிட முக்கியமானது நேரம். பகலெல்லாம் வெயிலை உண்ட கான்கிரீட் தளம் அச்சூட்டை உள்ளே இறக்குவது மாலைக்கும் நள்ளிரவுக்கும் இடையில். தகடு ஒரு யூனிட்டும் தராத நேரம் அதுதான். மின்வாரியக் கணக்கில் பகல் யூனிட்டை இரவுக்கு வரவு வைத்துக்கொள்வது ஏட்டுக் கணக்கு. அந்நேரத்து மின்சாரம் வேறெங்கோ எரியும் நிலக்கரியிலிருந்து வருவதாகவே பெரும்பாலும் இருக்கும். கூரைக்குச் சுண்ணாம்பு வெள்ளையடித்தோ, தட்டோடு பதித்தோ, தகட்டையே நிழற்பந்தலாகத் தூக்கி நிறுத்தியோ சூட்டை மேலேயே தடுத்த பிறகு கணக்குப் போட்டால் தொகை வேறாகும். அப்போது சிறிய தகடே போதும். பல இரவுகளில் மின்விசிறியே போதும். தகடு ஃபத்ஹீயைப் பொய்யாக்கவில்லை. அவர் எழுதாமல் விட்ட கடைசி அத்தியாயம் அது.

அபுதாபியில் 2008இல் தொடங்கிய மஸ்தர் நகரம் இந்த அத்தியாயத்தைப் பெரும் பணத்தால் எழுத முயன்றது. குறுகிய நிழல்தெருக்கள், 10 மெகாவாட் சூரிய நிலையம், 45 மீட்டர் உயரக் காற்றுக் கோபுரம். கோபுரம் கம்பீரமானதுதான். ஆனால் அந்நகரைக் கட்டிய தொழிலாளர் உறங்கும் அறைக்கு அக்காற்று எட்டுமா என்று கேட்டால், குர்னாவின் கேள்வி வேறு உடையில் திரும்பி வந்து நிற்கிறது. அந்த உறங்கும் அறைகளில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருந்திருக்கின்றனர். அவர்கள் வளைகுடாவில் வியர்த்துச் சேர்த்த பணத்தில்தான் நம் கடலோர ஊர்களின் முற்றங்கள் மூடப்பட்டுக் கான்கிரீட் தளங்களும் கண்ணாடி முகப்புகளும் எழுகின்றன என்பது வேதனையான தொடர்பு. மகன் அங்கே குளிரூட்டியில் பழகித் திரும்புகிறான். தாயோ ஆண்டு முழுதும் அந்தப் பெட்டி வீட்டுக்குள் இருக்கிறாள், மின்கட்டணத்துக்கு அஞ்சிக் குளிரூட்டியை அணைத்துவிட்டு.

இவ்விரு நூல்களும் தமிழில் வர வேண்டும். முதல் நூலே முதலில் வர வேண்டும் என்பது நமது வேண்டுகோள். தோல்வியைப் படித்தவர் கையேட்டைக் கவனமாகக் கையாளுவார். கையேட்டைப் பெயர்ப்பவர் அதன் வறண்ட நில எடுத்துக்காட்டுகளோடு நம் கடற்கரைக்கான ஓர் அத்தியாயத்தையும் சேர்த்தாக வேண்டும். அதற்குத் தேவையான ஆய்வுக்கூடம் நம்மிடமே உள்ளது. முற்றமுள்ள பழைய வீடும் அதன் உடன்பிறப்புப் பங்கில் எழுந்த கான்கிரீட் வீடும் ஒரே தெருவில் எதிரெதிராக நிற்கும் ஊர்கள் நமக்குப் பல உண்டு. 1964இல் கெய்ரோவில் செய்ததுபோல இரண்டிலும் வெப்பமானியைத் தொங்கவிட்டு, சித்திரையிலிருந்து ஆவணிவரை காலையும் இரவும் குறித்துவைப்பதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. அவ்வீட்டுப் பெண்களிடம் எந்த அறையில், எத்தனை மணிக்கு உறங்க முடிகிறது என்றும் கேட்டு அதே ஏட்டில் எழுதிக்கொள்ளட்டும்.